சிறைக்கோட்டமும் அவைக்களமும்: ஏ. கே. கோபாலனின் பொதுவாழ்வு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

பாலாற்றுப் படுகையில் அமைந்த வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் இன்று தோல் பதனிடும் தொழிலால் உலகறியப் பெற்றவை. வரலாறு கற்போர்க்கு வேலூர் கோட்டையாலும் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியாலும் அறிமுகமானது. இவ்விரண்டோடு வேலூர்க்கு மூன்றாவது அடையாளம் ஒன்றும் உண்டு. ஆட்சியாளர் தாம் அஞ்சியவர்களைக் கொணர்ந்து காவலில் வைத்த ஊர் இது. அவ்வாறு வைக்கப்பட்டவர்களுள் ஒருவர், மலபாரைச் சேர்ந்த பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ. கே. கோபாலன். பின்னாளில் அவர் இந்தியப் பாராளுமன்றத்தின் மக்களவையில் ஐந்து முறை உறுப்பினராய் வீற்றிருந்தார். சிறைக்கோட்டத்தில் தொடங்கிய ஒரு வினாவை அவர் நீதிமன்றத்திற்கும் அவைக்களத்திற்கும் எங்ஙனம் கொண்டு சென்றார் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கட்சி வரலாறு எழுதுதல் எம் கருத்தன்று. ‘ஆராயாமல் ஒருவரைக் காவலில் வைக்கலாமா?’ என்னும் அவ்வினாவையே யாம் பின்தொடர்கின்றோம்.

மலையாள நாட்டுத் தலைவர் ஒருவரைத் தமிழாய்வு இதழ் ஏன் எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை மலபார், சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாகவே விளங்கிற்று. மலபாரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை சோலையார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி வழியே செல்வது. கண்ணூர்ச் சிறையும் வேலூர்ச் சிறையும் கடலூர்ச் சிறையும் சேலம் சிறையும் ஒரே அரசின்கீழ் இயங்கியவை. ஆகவே, கோபாலனின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி தமிழ்நாட்டு வரலாறே என்க.

வேலூரும் காவலும்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர்தம் மக்களும் சுற்றத்தாரும் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பெற்றனர். 1806ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் நிகழ்ந்த புரட்சிக்குப்பின் அவர்கள் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்து, கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் சிறைப்பிடிக்கப்பட்டு இவ்வூர்க்கு அனுப்பப்பெற்றான்; 1832இல் ஈண்டே உயிர் நீத்தான். இவர்களுள் எவர்மீதும் ஒரு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டி, விசாரித்து, தண்டனை வழங்கியதில்லை. வென்றவன் தோற்றவனைக் காவலில் வைத்தான், அவ்வளவே. வங்காளத்தில் 1818இலும் சென்னையில் 1819இலும் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டங்கள், ‘அரசியல் கைதி’களை விசாரணையின்றி வைத்துக்கொள்ளும் இவ்வழக்கத்திற்கு எழுத்து வடிவம் தந்தன.

இருபதாம் நூற்றாண்டில் கோட்டையின் இடத்தைத் தொரப்பாடியிலுள்ள மத்தியச் சிறை பெற்றது. அரசர்களின் இடத்தில் விடுதலை இயக்கத்தினர் வந்தனர். இராசாசி 1921-22இல் வேலூர்ச் சிறையிலிருந்தபோது நாட்குறிப்பு எழுதினார். காமராசர் இச்சிறையிலிருந்த காலத்திலேயே, 1941இல், விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இவ்விருவரையும் ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

ஆசிரியர், தொண்டர், கைதி

ஆயில்யத்து குற்றியாரி கோபாலன் 1904ஆம் ஆண்டில் வடமலபாரில் கண்ணூரை அடுத்த பகுதியில் பிறந்தார். இளமையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1930இல் எழுந்த உப்புச் சத்தியாக்கிரக அலை அவரை ஆசிரியப் பணியினின்றும் ஈர்த்தது. 1931 நவம்பரில் தொடங்கிய குருவாயூர்க் கோயில் நுழைவுச் சத்தியாக்கிரகத்தில் அவர் தொண்டர் படைத் தலைவராய் நின்றார், அடியும் பட்டார். காங்கிரசுத் தொண்டராகத் தொடங்கியவர் காங்கிரசு சோசலிசுக் கட்சியிற் சேர்ந்து, இரண்டாம் உலகப்போர் மூண்ட காலத்தில் பொதுவுடைமைக் கட்சியினரானார்.

1936இல் அவர் தலைமை தாங்கிய பசி நடைப்பயணம் ஈண்டுக் குறிக்கத்தக்கது. வேலையின்மையையும் வறுமையையும் அரசின் செவிக்கு எட்டச் செய்யும் பொருட்டு, ஒரு சிறு தொண்டர் குழு மலபாரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 750 மைல் தொலைவைக் கால்நடையாய்க் கடந்தது. அரசு இருக்கும் இடத்திற்கு மக்களின் குறையைத் தம் காலால் நடந்து சென்று உரைத்தல் என்னும் இப்பழக்கம் அவரை இறுதிவரை நீங்கவில்லை. 1960இல், பாராளுமன்ற உறுப்பினராயிருந்த காலத்திலும், நிலச் சீர்திருத்தத்தை வலியுறுத்திக் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்தார்.

போரின் முற்பகுதியில் அவர் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் தொழிலாளரிடையே பணியாற்றினார். சிறைப்பட்டு வேலூர்க்குக் கொணரப்பெற்றார். விசாரணையற்ற காவலுக்கு அவர் அளித்த முதல் விடை, தம் தோழர் சிலருடன் சிறைச் சுவரைத் துளைத்து வெளியேறியதாகும். அதன்பின் போர் முடியும் வரை தலைமறைவாய் வாழ்ந்தார். போர் முடிந்தபின் மீண்டும் சிறைப்பட்டார். 1947ஆம் ஆண்டு ஆகசுட்டு 15ஆம் நாள் நாடு விடுதலை விழாக் கொண்டாடியபோது அவர் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். சில கிழமைகள் கழித்து விடுதலை பெற்றார். அதே ஆண்டு திசம்பரில் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார். வெள்ளையர் ஆட்சி முடிந்தது. தடுப்புக் காவல் முடியவில்லை.

கடலுக்கு அப்பால் எழுந்த அதே வினா

கோபாலன் வேலூர்ச் சிறையைக் கண்ட அக்காலத்தில், இந்தியாவை ஆண்ட பிரித்தானிய நாட்டிலேயே இதே வினா எழுந்தது. போர்க்காலத்தில் இயற்றப்பெற்ற 18பி என்னும் விதி, உள்துறை அமைச்சர்க்கு நியாயமான காரணம் தோன்றின் ஒருவரை விசாரணையின்றிக் காவலில் வைக்க இசைவளித்தது. அவ்வாறு வைக்கப்பட்ட லிவர்சிட்சு என்பார், அக்காரணம் யாதென அறிய வழக்குத் தொடுத்தார். பிரபுக்கள் சபையில் அவர்பொருட்டு வாதிட்டவர் டி. என். பிரிட் என்னும் வழக்கறிஞர்.

பிரிட், 1935 முதல் 1950 வரை இலண்டனைச் சார்ந்த வட ஆமர்சுமித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர், இடதுசாரிக் கொள்கையினர். சோவியத்து-பின்லாந்துப் போரில் சோவியத்து நாட்டிற்குச் சார்பாக நின்றமையால் 1940இல் தொழிற்கட்சியினின்றும் விலக்கப்பட்டார். ஆயினும் 1945இல் அக்கட்சியின் வேட்பாளரையே எதிர்த்துத் தனித்து நின்று வென்றார். 1950 தேர்தலில் தோற்றபின்னும் அவர்தம் வழக்கறிஞர் பணி கடல் கடந்து விரிந்தது. தெலங்கானா உழவர் போராட்டத்தில் மரண தண்டனை பெற்றோர்க்காக 1951இல் இந்திய உச்சநீதிமன்றத்தில் வாதிட்டார். 1952-53இல் கென்யாவில் சோமோ கென்யாட்டாவுக்காக வாதிட்டார்.

லிவர்சிட்சு வழக்கில் 1941 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஐவருள் நால்வர், அமைச்சர் தமக்குக் காரணம் உண்டென நம்பினால் அதுவே போதும், நீதிமன்றம் அதனைத் துருவுதல் ஆகாது என்றனர். அட்கின் பிரபு ஒருவர் மட்டும் மறுத்தார். சட்டம் ‘நியாயமான காரணம்’ என்று கூறுங்கால் அக்காரணம் உண்மையில் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. பிரிட் தோற்றார். ஆயின், பல்லாண்டு கழித்து, 1979இல், அதே பிரபுக்கள் சபையில் அட்கினின் கருத்தே சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது. தோற்ற வழக்கின் சிறுபான்மைத் தீர்ப்பு பின்னாளில் வெல்லுதல் என்னும் இவ்வமைப்பை மனத்திற் கொள்க. கோபாலன் வழக்கிலும் இதனையே காண்போம்.

1950ஆம் ஆண்டு வழக்கு

1948இல் பொதுவுடைமைக் கட்சி கிளர்ச்சிப் பாதையைத் தேர்ந்தது. சென்னை அரசு அக்கட்சியைத் தடை செய்தது. தெலங்கானாவிலும் மலபாரிலும் உயிர்ச்சேதம் நிகழ்ந்தது. ஆட்சியாளர் கொண்ட அச்சம் முற்றிலும் கற்பனை எனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அதுபோலவே, 1950 பெப்பிரவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டதையும் மறைத்தல் ஆகாது. இந்தியா குடியரசாகிப் பதினாறு நாள்களே ஆகியிருந்தன. அதே மாத இறுதியில் பாராளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை இயற்றியது.

கோபாலன் 1947 திசம்பர் முதலே காவலில் இருந்தார். அவர்மீது தொடுக்கப்பட்ட சாதாரணக் குற்ற வழக்குகளில் விதித்த தண்டனைகள் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டன. ஆயினும் அவர் வெளிவரவில்லை. 1950 மார்ச்சு 1ஆம் நாள், சிறைக்குள்ளேயே, புதிய சட்டத்தின்படி புதிய காவலாணை அவர்க்கு வழங்கப்பெற்றது. அவர் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்கீழ் உச்சநீதிமன்றத்தை அணுகினார். ‘ஏ. கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்’ என்னும் பெயருடன் இன்றும் சட்ட மாணவர் பயிலும் வழக்கு இதுவே. கோபாலன் சார்பில் எம். கே. நம்பியாரும், மாநிலத்தின் சார்பில் கே. இராசா ஐயரும், நடுவணரசின் சார்பில் எம். சி. செதல்வாடும் வாதிட்டனர். தலைமை நீதிபதி கானியா உள்ளிட்ட அறுவர் வழக்கைக் கேட்டு, 1950 மே 19ஆம் நாள் தீர்ப்பளித்தனர்.

வழக்கின் உயிர்நிலை ஒரு சொல்லின் பொருளில் இருந்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு, சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறையின்படி அன்றி ஒருவருடைய உயிரையும் உடல் உரிமையையும் பறித்தல் ஆகாது என்கின்றது. ஈண்டுச் ‘சட்டம்’ என்பது யாது? சட்டமன்றம் இயற்றிய எதுவும் சட்டமே என்பது பெரும்பான்மையோர் கருத்து. சட்டம் என்னும் சொல்லில் இயற்கை நீதியின் கோட்பாடுகளும் அடங்கும் என்பது நம்பியாரின் வாதம். நீதிபதி பசல் அலி இவ்வாதத்தைப் பெரிதும் ஏற்றார். குற்றச்சாட்டை அறிவித்தல், தன் தரப்பைக் கூற வாய்ப்பளித்தல், நடுவுநிலை வாய்ந்த மன்றம், ஒழுங்கான விசாரணை முறை ஆகிய நான்கும் இல்லாத நடைமுறை, நடைமுறை ஆகாது என்பது அவர் முடிபு.

கோபாலன் மனு தள்ளப்பட்டது. எனினும் ஒரு பயன் விளைந்தது. காவலில் வைக்கப்பட்டவர்க்கு அரசு தெரிவித்த காரணங்களை அவர் நீதிமன்றத்திற்கும் வெளியிடுதல் கூடாது எனத் தடுத்த 14ஆம் பிரிவைச் செல்லாதென உச்சநீதிமன்றம் அறிவித்தது. தாம் ஏன் சிறையில் இருக்கின்றோம் என்பதை நீதிபதியிடம் கூறும் உரிமையைக் கோபாலன் தமக்கும் பிறர்க்கும் பெற்றுத்தந்தார்.

1951இல் அச்சட்டத்தை நீட்டித்துத் திருத்தும் மசோதாவைப் பாராளுமன்றத்தில் கொணர்ந்தவர் அன்றைய உள்துறை அமைச்சர் இராசாசி. வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதிய அதே இராசாசிதான். இதனை நாம் பழிப்பாகக் கூறவில்லை. அவர்தம் அமைச்சுப் பொறுப்பின் சுமையை அறிவோம். கைதியாய் இருந்தவர் ஆட்சியாளர் ஆகுங்கால் காவலின் இயல்பு மாறுவதில்லை என்பதே நாம் ஈண்டுப் பெறும் படிப்பினை.

சொல்லும் நெறியும்

தமிழ் பயில்வோர்க்கு இவ்வழக்கு அயலானதன்று. ‘முறை’ என்னும் நம் சொல் ஒழுங்கையும் நீதியையும் ஒருங்கே குறிப்பது. ‘முறை செய்தல்’ எனின் நீதி வழங்குதலே பொருள். நடைமுறை வேறு, நீதி வேறு எனப் பிரித்தல் இச்சொல்லின் இயல்புக்கு முரணானது. பசல் அலியின் கருத்து இச்சொல்லின் பொருட்பரப்போடு ஒத்து நிற்றல் காண்க. திருவள்ளுவர் செங்கோன்மையை விளக்கப் புகுமிடத்து, குற்றத்தை ஆராய்தலையே முதற்கண் வைக்கின்றார்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சட்டத்தை மீறினான் என்று கூறுதல் இயலாது. கள்வனைக் கொல்லுதல் அந்நாட்டு வழக்கே. அவன் பிழை, பொற்கொல்லன் கூற்றை ஆராயாது ஏற்றமை. கோவலன் தன் தரப்பை மன்னன்முன் உரைக்கும் வாய்ப்பைப் பெறவில்லை. அவ்வாய்ப்பைக் கண்ணகி அவன் இறந்தபின் வழக்குரை காதையில் எடுத்துக்கொள்கின்றாள். ஆராயாமையை உணர்ந்த கணத்தே மன்னன் உயிர் நீக்கின்றான். மணிமேகலையில் ஒரு காதையே சிறைக்கோட்டம் அறக்கோட்டமான செய்தியைக் கூறுகின்றது. காவலைப் பற்றிய சிந்தனை நம் இலக்கியத்தில் எத்துணை ஆழ வேரூன்றியது என்பதற்கு இவை சான்றாவன.

அவைக்களத்தில்

1951இல் விடுதலை பெற்ற கோபாலன், அடுத்து வந்த முதற் பொதுத்தேர்தலில் கண்ணூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். காங்கிரசு 364 இடங்களைப் பெற்ற அவ்வவையில் பொதுவுடைமைக் கட்சி பெற்றவை 16 இடங்களே. எனினும் எதிர்க்கட்சிகளுள் அதுவே பெரியது. அதன் தலைவர் கோபாலன். எதிர்க்கட்சித் தலைவர் என்னும் முறையான ஏற்பு 1969 வரை எவர்க்கும் வழங்கப்படவில்லை. ஆயினும் நடைமுறையில் அவ்விடத்தை வகித்தவர் அவரே. 1957, 1962, 1967 தேர்தல்களில் காசர்கோட்டிலிருந்தும் 1971இல் பாலக்காட்டிலிருந்தும் வென்றார். 1964இல் கட்சி பிளவுற்றபோது இந்தியப் பொதுவுடைமைக் கட்சி (மார்க்சிய)ப் பிரிவில் நின்றார்.

அவரைத் தடுத்து வைத்த சட்டம், அவர் உறுப்பினராயிருந்த அதே அவையால் பலமுறை நீட்டிக்கப்பெற்று, 1969 இறுதியில் காலாவதியாயிற்று. 1971இல் உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் அவ்விடத்தை நிரப்பிற்று. அவைக்கு வெளியிலும் அவர் ஓயவில்லை. இடுக்கி அணைத் திட்டத்தின்பொருட்டுத் தம் நிலத்தினின்றும் அகற்றப்பட்ட உழவர்களுக்காக 1961இல் அமராவதியில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அவையில் பேசுதலும் வெளியில் நடத்தலும் நோன்பிருத்தலும் அவர்க்கு ஒரே பணியின் பகுதிகளாய் இருந்தன.

1975 சூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்றது. சூலை 21ஆம் நாள் மக்களவையில் அதனை எதிர்த்துப் பேசியவர்களுள் எழுபதைக் கடந்த கோபாலனும் ஒருவர். பாராளுமன்ற உறுப்பினர் பலர் விசாரணையின்றிச் சிறையிலிருப்பதை அவர் தம் உரையின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலூரிலும் கண்ணூரிலும் கடலூரிலும் எழுப்பிய வினாவை அவர் இறுதியாக அவைக்களத்தில் எழுப்பினார்.

அவ்வினாவிற்கு அந்நாளைய உச்சநீதிமன்றம் அளித்த விடை நம்பிக்கை ஊட்டுவதாக இல்லை. 1976 ஏப்பிரலில் ஐவரடங்கிய அமர்வில் நால்வர், நெருக்கடி நிலையில் காவலில் உள்ளோர் ஆட்கொணர் மனு தொடுக்க இயலாது என்றனர், நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். 1977 மார்ச்சு 21ஆம் நாள் நெருக்கடி நிலை நீங்கிற்று. மறுநாள், மார்ச்சு 22இல், கோபாலன் மறைந்தார். 1978 சனவரியில் மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம், 21ஆம் பிரிவு கூறும் நடைமுறை நியாயமானதாகவும் நேரியதாகவும் இருத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நம்பியாரின் வாதமும் பசல் அலியின் மறுப்பும் இருபத்தெட்டு ஆண்டு கழித்து நாட்டின் சட்டமாயின. வழக்கைத் தொடுத்தவர் அதனைக் காண இருந்திலர்.

ஒரு மதிப்பீடு

கோபாலனையும் பிரிட்டையும் ஒருங்கு நோக்குங்கால் ஓர் உண்மையை ஆய்வாளர் மறைத்தல் ஆகாது. விசாரணையின்மையை இலண்டனில் எதிர்த்த பிரிட், 1936இல் மாசுகோவில் நிகழ்ந்த அரசியல் வழக்கை நேரிற் கண்டு அதனை நேர்மையான விசாரணை என எழுதினார். அம்மதிப்பீடு பிழையென வரலாறு காட்டிற்று. கோபாலனின் கட்சியும் சோவியத்து நாட்டுச் சிறைகளைப் பற்றிப் பல்லாண்டுகள் வாய் திறவாதிருந்தது. தன் பகைவனைக் காவலில் வைக்கும்போதும் ஒருவன் ‘ஆராய்ந்தீரோ?’ என வினவினாலன்றி அக்கோட்பாடு முழுமை பெறாது. இக்குறையால் அவ்விருவரும் எழுப்பிய வினா மதிப்பிழந்துவிடுமா? இழவாது என்பதே எம் துணிபு. வினவியவரைவிட வினா பெரிது. கோபாலன் பெயரால் அமைந்த வழக்கு இன்று அவர் கொள்கையை மறுப்போர்க்கும் அரணாய் நிற்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், வேலூர்க் கோட்டையில் வைக்கப்பெற்ற கண்டி மன்னன் முதல் தொரப்பாடிச் சிறையைத் துளைத்து வெளியேறிய கோபாலன் வரை, விசாரணையற்ற காவல் ஆட்சிகள் மாறியும் தொடர்ந்தமை புலனாகும். அதனைக் கோபாலன் முதலில் சுவரைத் துளைத்தும், பின்னர் மனுவாலும், இறுதியில் அவையுரையாலும் எதிர்த்தார். இம்மூன்றனுள் சுவரைத் துளைத்தது அவரை மட்டுமே விடுவித்தது. மனுவோ, அது தோற்றபோதும், பிறர் பின்னாளில் நடத்தற்குரிய வழியொன்றை விட்டுச்சென்றது.

எம் வகுப்பிற்கு ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளின் தோல் தொழிலாளர் இல்லங்களிலிருந்து மாணவர் பலர் வருகின்றனர். அவர்தம் பெற்றோர் பலர் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் அச்சத்தோடு நோக்குபவர். வழக்குரை காதையைப் பாடமாக நடத்தும்போது அம்மாணவர் எம்மை வினவுவது பெரும்பாலும் ஒன்றே: கோவலனை மன்னன் ஏன் அழைத்துக் கேட்கவில்லை? அவ்வினாவிற்கு விடை கூறும் ஆசிரியர், காப்பியத்தோடு நின்றுவிடாமல், இதே வேலூரில் சிறையிருந்த ஒருவர் அவ்வினாவை உச்சநீதிமன்றத்தில் எழுப்பிய வரலாற்றையும் சேர்த்துக் கூறுதல் நலம். இருபதாம் நூற்றாண்டின் சிறைச்சாலை வரலாற்றை நம் இலக்கியக் கருத்துகளோடு இணைத்து ஆராயும் பணி இன்னும் விரிவாகச் செய்யத்தக்கது. பட்ட மேற்படிப்பு மாணவர் இத்துறையில் புகுதல் வேண்டுமென விழைகின்றோம்.